தானாக அணைந்த சூடம்

சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு தமிழ் அச்சுக்கூடத்தில் புரூப் திருத்துவது என் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகையிலிருந்து கருமாதிப் பத்திரிகை வரை எதையும் நம்பாமல் படிக்க வேண்டும். நம்பிப் படித்தால் பிழை கண்ணில் படாது. பல வருஷமாக இப்படிப் படித்ததில், இப்போதுதான் சுட்ட வடை என்று சொல்லிக் கொடுத்தாலும் முகர்ந்து பார்க்கிற ஆளாகிவிட்டேன்.

இந்தக் குணத்துக்காகத்தான் அக்கா என்னை இந்தியாவுக்கு அனுப்பினாள். அவளுடைய இளைய மகள் செண்பகத்துக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. சுருளிப்பட்டியில் நிலபுலன் உள்ள குடும்பம். எங்கள் சனம்தான். பையன் பெயர் சுருளிவேல். கொழும்பில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற அவனுடைய சித்தப்பா கொண்டுவந்த பேச்சு.

மூத்தவள் ராஜத்தைக் கட்டிக் கொடுத்தபோது நாங்கள் எதையும் விசாரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா கோயிலில் சூடம் ஏற்றி, "என் மகன் குடிக்க மாட்டான்" என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்தார். சூடம் அணைத்த பிறகு என்ன கேள்வி? எல்லோரும் நம்பினோம். ராஜம் இப்போது ஒரு தையல் மிஷினோடு அக்கா வீட்டில்தான் இருக்கிறாள்.

"சந்தேகப்படுறதுதானே உன் தொழில்? போய் நல்லா சந்தேகப்பட்டுட்டு வா" என்றாள் அக்கா. "ஆனா திரும்பி வந்து நல்ல இடம்னு என் கையில அடிச்சுச் சொல்லணும்." செண்பகம் அடுப்படியில் ஆப்பச்சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வழியில் சாப்பிட ஆப்பம் கட்டிக் கொடுத்தாள்.

தேனி ரயிலடியில் இறங்கியதுமே முதல் சந்தேகம் வந்துவிட்டது. ஊரைப் பற்றியோ மாப்பிள்ளையைப் பற்றியோ அல்ல. கொழும்பில் என் அறை ஜன்னலைச் சாத்தினேனா? நான் தனிக்கட்டை, போய்ப் பார்க்க ஆள் கிடையாது. அங்கே மழைக்காலம் வேறு. ஜன்னலுக்கு நேர் கீழே என் படுக்கை. இந்த யோசனையில் குடையை விரித்தேன். ஆனி மாதத்துக் காற்று அதை ஒரே அடியில் புரட்டிவிட்டது. ரயிலடியில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை, அந்த மாதத்தில் தேனியில் குடை பிடிக்கிறவனைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள் போலிருக்கிறது. கொழும்பில் காற்று கடலிலிருந்து உப்பைக் கொண்டுவரும். இங்கே மலையிலிருந்து புழுதியைக் கொண்டுவருகிறது. பல்லில் நறநறவென்று கடிபட்டது.

ஞானமுத்துவின் வீட்டில் தங்கினேன். முன்பு கொழும்பில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர், ஊர் திரும்பித் தேனிக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி கேப்பைப் புட்டும் கருப்பட்டிக் காப்பியும் கொடுத்தார். தேநீர் கேட்டேன். பக்கத்து மலையெல்லாம் தேயிலை வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

ஞானமுத்து யோசனை சொன்னார். "மாப்பிள்ளை விசாரிக்க வந்தேன்னு எங்கனயும் சொல்லிராதீக. சொன்னா நல்லதைத்தான் சொல்லுவாக. ஒரு கல்யாணத்தைக் கெடுத்தாகன்னு பேரு வாங்க யாருக்கும் மனசு வராது. வெத்தலை ஏவாரின்னு சொல்லுங்க. கம்பத்துல கொடிக்கால் ஏராளம்."

மறுநாள் வெற்றிலை வியாபாரியாகப் பஸ் ஏறினேன். சின்னமனூர் தாண்டியதும் பஸ்ஸின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடியும் மூடி, மறுபடியும் திறந்தார். வாய்க்காலிலிருந்து தண்ணீர் மொண்டு வரச் சொன்னார். எல்லோரும் வரிசையாக நின்று தகர டின்னைக் கைமாற்றினோம். குமுளிப் பக்கம் போகிற இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். கொழும்பில் மலையாளிகளோடு பழகியதால் எனக்கு அது புரியும். "இது போய்ச் சேருமா?" என்றார் ஒருவர். "சேரும் என்று தோன்றினால் உட்கார். சேராது என்று தோன்றினால் நட. இரண்டும் தோன்றினால் என்னைப்போல் தண்ணீர் ஊற்று" என்றார் மற்றவர். நான் பாதித் தண்ணீரை வேட்டியில் கொட்டிக்கொண்டேன்.

அந்த வாய்க்கால் கரையில் நின்றபோது ஜன்னல் விஷயம் தீர்ந்தது. திடீரென்று எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பெட்டியைக் கீழே வைத்தேன். ஜன்னல் கதவை இழுத்தேன். தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. வலது கைப் பெருவிரல் லேசாக நசுங்கியது. கண்ணால் பார்ப்பதுபோல் அவ்வளவு தெளிவு. அப்பாடா என்று இருந்தது. பஸ்ஸும் கிளம்பிவிட்டது.

கம்பத்தில் முதலில் போனது சவரக்கடைக்கு. ஊர்ச் செய்தி எல்லாம் தேங்கிக் கிடக்கிற இடம் எங்கேயும் அதுதான். கடைக்காரர் கன்னத்தில் நுரையை அப்பிவிட்டு, கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"எந்த ஊருங்கய்யா?"

"கொழும்பு. வெற்றிலை வாங்க வந்தேன்."

"அப்பிடியா? பொண்ணுக்கு என்ன வயசு?"

கத்தி தொண்டையில் இருந்ததால் நான் அசையவில்லை. அவரே சொன்னார். "கோவிச்சுக்கிடாதீக. கொழும்புல இல்லாத வெத்தலையா? நம்ம சுருளிவேலுக்குக் கொழும்புல பேசுறாகன்னு ஊரே சொல்லுது. நீங்க பஸ்ஸுல தண்ணி ஊத்துனது வரைக்கும் வந்துருச்சு."

வேஷம் அதோடு போயிற்று. ஆனாலும் அவர் மறைக்காமல் சொன்னார். பையன் குடிக்க மாட்டான். சீட்டாட்டம் கிடையாது. உழைப்பாளி. பெற்றவளிடம்கூட எதிர்த்துப் பேச மாட்டான். சொல்லிக்கொண்டே வந்தவர் கத்தியை நிறுத்தினார்.

"எல்லாம் சரிதான். ஆனா சூடம் அணைக்கல."

கதை இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு, வாய்க்காலில் சுருளிவேலின் தண்ணீர் முறை. வயலுக்குத் தண்ணீர் பாய்ந்ததும், பொழுது சாய மடையை மண்ணால் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். மறுநாள் காலையில் பார்த்தால் மடை திறந்து கிடக்கிறது. அவன் வயல் நிறைந்து வரப்பு மேல் வழிந்து, பள்ளத்தில் முத்துப்பேச்சி என்ற அம்மாள் புதிதாக நட்டிருந்த வெற்றிலைக் கொடிக்காலில் முழங்கால் அளவு நிற்கிறது. கொடியெல்லாம் வேரோடு அழுகிவிட்டது. அந்த அம்மாள் ஊரைக் கூட்டி, கருப்பசாமி கோயிலில் சூடத்தை ஏற்றிவைத்தாள். "மடையை அடைச்சேன்னு சொல்லி அணைச்சிட்டுப் போ. அதுக்குப் பெறகு நான் ஒரு வார்த்தை கேக்கல" என்றாள். அதுதான் வழக்கம். அணைத்துவிட்டால் விஷயம் முடிந்தது, அப்புறம் சாமி பாடு. மடையை நண்டு குடைந்திருக்கும், எலி பறித்திருக்கும், அணைத்துவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"கைய நீட்டுனான் அய்யா. நீட்டுன கை அப்பிடியே நிக்கிது. சூடம் எரிஞ்சு எரிஞ்சு தானா அணைஞ்சுபோச்சு. கைய இழுத்துக்கிட்டு நடந்துட்டான். செஞ்சவன்தானே பயப்படுவான்? அன்னையிலேருந்து இந்தப் பக்கத்துல ஒருத்தரும் பொண்ணு குடுக்கல. ஒரு சாட்சிக்குக்கூடக் கூப்பிடறதில்ல."

கடலைத் தாண்டி எங்களிடம் பேச்சு வந்த காரணம் விளங்கியது. அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. சோறும் மொச்சைக் குழம்பும் அருமையாகத்தான் இருந்தன. ஆனால் மனசுக்குள் கணக்கு வேறுவிதமாக ஓடியது. ராஜத்துக்காகச் சூடம் அணைத்தவர் பொய் சொன்னார். இவன் அணைக்கவே இல்லை. பொய் சொல்லவில்லை என்று இதைச் சந்தோஷப்படுவதா, மெய்யும் இல்லை என்று பயப்படுவதா? அப்படியே திரும்பி ரயிலேறி, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எனக்குப் பாடு இல்லை. வேண்டாம் என்று சொன்னவனை யாரும் பின்னால் குற்றம் சொல்வதில்லை. சந்தேகப்படுகிறவனுக்கு அது ஒரு பெரிய வசதி. என் தொழிலே அந்த வசதியில்தான் நடக்கிறது. ஆனால் செண்பகம் கட்டிக் கொடுத்த ஆப்பம் ஞாபகம் வந்தது. அடுத்த நாள் வண்டி பிடித்துச் சுருளிப்பட்டிக்குப் போனேன்.

முத்துப்பேச்சியைக் கொடிக்காலில்தான் பார்த்தேன். உயரமாக வளர்ந்த அகத்தி மரங்களில் கொடிகள் ஏறிக் கிடந்தன. வெளியே கண் கூசும் வெயில், உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சி. நுழையும்போதே அதட்டல் வந்தது. "ஏலே, யாரது? செருப்பக் கழட்டிட்டு வாங்க. வெத்தலை லட்சுமில்ல!"

செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் நின்றேன். யார் என்று சொன்னேன். அந்த அம்மாள் கிள்ளிய வெற்றிலையை மடியில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊருக்குள்ள சொல்லியிருப்பாகளே, நான்தான் சூடத்த ஏத்தச் சொன்னேன்னு. அம்புட்டுக் கோவம் எனக்கு. வயித்தெரிச்சல். அவன் நிமிசத்துல அணைச்சிட்டுப் போயிருந்தா நானும் வீட்டுக்கு வந்திருப்பேன். வந்து, பொய்ச் சத்தியம் பண்ணிட்டான் பாவின்னு சாகுற மட்டும் நெனைச்சுக்கிட்டே கெடந்திருப்பேன்."

"இப்போது என்ன நினைக்கிறீர்கள்?"

"இப்பவா?" கொடியைத் தள்ளி அடுத்த வெற்றிலையைக் கிள்ளினாள். "அடைச்சிருப்பான்னுதான் நெனைக்கிறேன்."

அவள் தொடர்ந்தாள். "அன்னைக்கு மறுநா வெள்ளனே கொடிக்கட்டத் தலையில வச்சுக்கிட்டு வந்து நின்னான். இந்தா நிக்கிதே, இம்புட்டும் அவன் நட்டது. நான் அடைச்சேனா இல்லையான்னு தெரியல ஆத்தா, தெரியுற வரைக்கும் நட்டுத் தாரேன்னான். இன்னும் தெரியலையாம். இப்பவும் வாரான்." சொல்லும்போது சிரித்தாள். பிறகு ஒரு வெற்றிலைக் கட்டை எடுத்து, வாழைப் பட்டையில் வைத்து ஈரத் துணி சுற்றிக் கொடுத்தாள். "வெத்தலை வாங்கத்தானே வந்தீக? கொண்டுபோங்க. வழியில தண்ணி தெளிங்க."

சுருளிவேல் வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நின்றான். கறுத்து நெடிய ஆள். என்னைக் கண்டதும் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். "வெத்தலை கெடைச்சதா அய்யா?" என்று கேட்டான். கேலியா மரியாதையா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. கரையில் உட்கார்ந்தோம். கேட்க வேண்டியதை நேராகவே கேட்டேன்.

"அணைக்கத்தான் போனேன் அய்யா. கைய நீட்டிட்டு, என்ன சொல்லி அணைக்கிறதுன்னு ஒரு தரம் நெனைச்சுப் பாத்தேன். மடைய அடைச்சேன்னு சொல்லணும். அடைச்சது கண்ணுக்குள்ள நல்லாத் தெரியுது. மண்ண வெட்டிப் போடுறேன், காலால மிதிக்கிறேன், மம்பட்டியக் கழுவுறேன். ஆனா அது அன்னைக்கு அடைச்சதா, அதுக்கு முந்தி அடைச்சதா? எந்நேரமும் ஒரே மடை, ஒரே மண்ணு, ஒரே மிதி. எந்த நாளுன்னு எப்பிடிக் கண்டுபிடிக்க?"

"அடைத்திருப்பாய் என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்?"

"சொன்னாக. அடிச்சுச் சொல்லுலே, கருப்பன் ஒண்ணும் செய்ய மாட்டான்னாக. கருப்பன் செய்ய மாட்டான் அய்யா, அதெனக்குத் தெரியும். முத்துப்பேச்சி நம்பிருமே. அதான் பயமாப் போச்சு."

ஆயுசு பூராவும் நான் பட்ட சந்தேகமெல்லாம் அடுத்தவர் மேல் பட்டது. எழுதியவன் மேல், அச்சுக் கோத்தவன் மேல், வடை சுட்டவன் மேல். இவன் தன் கண்ணுக்குள் தெரிவதன் மேலேயே சந்தேகப்பட்டிருக்கிறான். அதுவும் ஊர் முழுக்கக் கூடி, சும்மா சொல்லிவிட்டு வா என்று கெஞ்சியபோது. இது நேர்மையா, இல்லை ஒரு வார்த்தைக்குத் துணிய மாட்டாத சுபாவமா? இப்படி ஒருவனோடு ஒரு பெண் குடித்தனம் நடத்தினால், கதவைச் சாத்தினேனா, விளக்கை அணைத்தேனா என்று அவள் உயிரை வாங்குவானா? அதையும் விடாமல் யோசித்தேன்.

கடைசியில் என் பங்குக்கு நானும் சூடம் ஏற்றிப் பார்த்தேன். "எங்கள் பெண்ணை நன்றாக வைத்துக்கொள்வாயா? சத்தியமாகச் சொல்."

"குடிக்க மாட்டேன். கை நீட்ட மாட்டேன். இது ரெண்டும் என் கையில இருக்கு, அதனால சொல்றேன்." மண்வெட்டிப் பிடியை ஒரு தரம் திருப்பினான். "ஆனா அந்தப் புள்ள இங்கன சந்தோசமா இருக்குமான்னா, எனக்கு எப்பிடித் தெரியும்? கடலப் பாத்து வளந்த புள்ள. இங்கன மலையும் காத்தும்தான். அதுகிட்டக் கேட்டீகளா, அதுக்குச் சம்மதமான்னு?"

பையனின் சித்தப்பாவைக் கேட்டோம். சோசியரைக் கேட்டோம். சவரக்கடைக்காரர் வரை நானே போய்க் கேட்டேன். இவ்வளவு சந்தேகப்பட்ட எனக்கு அந்த ஒரு சந்தேகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. "கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி எழுந்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். அவன் அம்மா போட்ட சோளச் சோறும் கருவாட்டுக் குழம்பும், முந்தின நாள் சாப்பிடாததற்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

ஊர் திரும்புகிற வழியெல்லாம் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்தேன். கப்பல் சோதனைக்காரன் துணியை அவிழ்த்து, முகர்ந்து பார்த்து, வேறு என்ன இருக்கிறது என்றான். வெற்றிலைதான் என்றேன். நம்பாமல் ஒவ்வொன்றாகப் புரட்டினான். எனக்குக் கோபம் வரவில்லை. தொழில் அப்படி.

கொழும்பில் நல்ல மழை. அறைக் கதவைத் திறந்ததும் ஈர வாடை முகத்தில் அடித்தது. ஜன்னல் பப்பரப்பே என்று திறந்து கிடந்தது. படுக்கை தண்ணீரில் ஊறி, தலையணையில் பூஞ்சை பிடித்திருந்தது. நான் கதவருகிலேயே நின்றேன். தாழ்ப்பாள் கிறீச்சிட்டது நிஜம். பெருவிரல் நசுங்கியது நிஜம். எல்லாம் வேறு ஏதோ ஒரு நாளின் நிஜம். சின்னமனூர் வாய்க்கால் கரையில் யாராவது சூடத்தை ஏற்றி வைத்திருந்தால் கொஞ்சமும் தயங்காமல் அணைத்திருப்பேன்.

நனைந்த படுக்கையை அப்படியே போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ராஜம் மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். வெற்றிலைக் கட்டைச் செண்பகத்திடம் கொடுத்தேன். அக்கா வந்து எதிரில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினாள்.

"அடிச்சுச் சொல்லு. நல்ல இடம்தானே?"

"தெரிந்ததைச் சொல்கிறேன் அக்கா. அடிக்க மாட்டேன்" என்றேன். மடை, கொடிக்கால், சூடம், ஜன்னல் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் முகம் இறுகிப்போயிற்று. நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை.

"சூடம் அணைக்காதவனா? அப்ப அவன்தான் செஞ்சிருக்கான். அவனுக்கு என் பொண்ணக் கொடுக்கிறதா?"

மிஷின் சத்தம் நின்றது. "அணைச்சவங்களத்தான் பார்த்தாச்சே, அம்மா" என்றாள் ராஜம். மறுபடியும் தைக்கத் தொடங்கினாள்.

நான் செண்பகத்தைப் பார்த்தேன். "அவன் ஒரு கேள்வி கேட்டான், செண்பகம். எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. உனக்குச் சம்மதமா என்று."

அவள் ஈரத் துணியைப் பிரித்து வெற்றிலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். இரண்டு மூன்று ஓரம் கறுத்திருந்தன. மற்றவையெல்லாம் கிள்ளிய அன்று இருந்த பச்சையில் இருந்தன. "இது அவர் நட்ட கொடியா மாமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

"எனக்கும் தெரியலை மாமா. பார்க்காம எப்படித் தெரியும்? அவரை ஒரு தடவை இங்க வரச் சொல்லுங்க. நானே கேட்கிறேன்."

சொல்லிவிட்டு ஒரு நல்ல வெற்றிலையாகப் பொறுக்கி, முந்தானையில் துடைத்து, இன்னும் நீட்டியபடியே இருந்த தன் அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அக்கா அதைப் பார்த்தாள். பிறகு சுண்ணாம்பு டப்பாவை எடுத்துவரச் சொன்னாள்.